தீப்பொறியும் நித்திய கர்மமும்

செய்தால் தனிப் பலன் இல்லை, செய்யாமல் விட்டால் தோஷம் உண்டு என்று ஒரு வகைக் கர்மத்தை நம் முன்னோர் பிரித்து, அதை நித்திய கர்மம் என்றார்கள். பலனை எதிர்பாராமல், வேதம் விதித்தது என்பதற்காகவே அதைச் செய்ய வேண்டும் என்பது பிரபாகர மீமாம்சகரின் கட்சி. 1785-இல் ஜெர்மானிய ஞானி காண்ட் கடமைக்கு வகுத்த இலக்கணமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆனால் சங்கரர் ஒரு கேள்வி கேட்டார். செய்யாமை என்பது வெறும் இன்மை. இன்மையிலிருந்து தோஷம் என்ற ஒன்று எப்படிப் பிறக்கும்? செய்யாமை தோஷத்தைப் பிறப்பிப்பதில்லை, முன்பே சேர்ந்து கிடக்கும் தோஷத்துக்கு அது அடையாளம் மாத்திரமே என்று தைத்திரீய பாஷ்யத்தில் அவரே விடையும் சொன்னார்.

இது தர்க்க சாமர்த்தியம் அன்றி வேறில்லை என்று எண்ணுகிறவர்கள், ஜெர்மனியில் செய்த பழைய வோக்ஸ்வாகன் வண்டு கார் ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்க்கட்டும். நம் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்லும் இரண்டு சிறு உலோக முகங்கள் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அவை விலகும்போது இருக்க வேண்டிய இடைவெளி 0.4 மில்லிமீட்டர். அவை விலகும் கணத்தில் காயிலில் ஓடிய மின்சாரம் அறுந்து, அந்த அறுபடுதலிலிருந்தே பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது விநாடிக்கு 100 தடவை நிகழ்கிறது. கண்டன்சர் எவ்வளவு காத்தாலும், விலகுந்தோறும் அம்முகங்களுக்கிடையேயும் நுண்ணிய பொறி ஒன்று எழாமல் இராது. அது ஒரு முகத்திலிருந்து அணுவளவு உலோகத்தைப் பெயர்த்து எதிர் முகத்தில் படிய வைக்க, நாளடைவில் ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடும் உண்டாகின்றன. சுழலும் கேமில் உராயும் நார்க்கட்டையும் தேய்ந்து, இடைவெளி குறுகி, பொறி தன் காலத்துக்குப் பின்தங்குகிறது.

இங்கே குற்றம் செய்தவர் யார்? ஒருவரும் இல்லை. வண்டி செவ்வனே ஓடியதுதான் குழிக்குக் காரணம். பராமரிக்காதவன் அக்குழியைத் தோண்டவில்லை, தங்க விட்டான். சங்கரர் சொன்னதும் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். நற்செயலிலும்கூட வாழ்வதனாலேயே ஒரு மாசு படிகிறது; நித்திய கர்மம் அதைக் கழுவும் சித்த சுத்தி. அரம் போட்டு முகங்களைச் சமன் செய்து ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து வைத்த பிறகு, எஞ்சின் புதிய சக்தி ஒன்றையும் பெறுவதில்லை. இருந்த நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவே.

நிமித்தம் நேர்ந்தபோது செய்யும் நைமித்திக கர்மத்துக்கோ உலகில் புகழ் அதிகம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் புதல்வர் இருவருடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவர் செய்த மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றபோது, அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்ததையும், பற்றவைக்கும் மின்கம்பிக்குக் காலுறைப் பட்டியால் காப்பிட்டதையும் இன்றும் ஜெர்மானியர் பெருமையோடு சொல்லுகிறார்கள். அது நியாயமான பெருமைதான். ஸ்டுட்கார்ட்டில் 1886-இல் பட்டறை திறந்த ராபர்ட் போஷும், 1902-இல் அங்கே பொறிக்கு மின்சாரம் பிறப்பிக்கும் உயர் அழுத்த மாக்னெட்டோவை அமைத்த அவருடைய பொறியாளர் ஹோனோல்டும் தேடியது, வழியில் இத்தகைய நிமித்தங்கள் குறைந்து, நம்பத்தக்க பொறி எழுவதையே.

ஆயினும் நடைமுறையில் மீமாம்சகரின் பிடிவாதத்தை நான் கைவிட மாட்டேன். குழி விழுந்திருக்கிறதா என்று மூடியைத் திறக்காமல் அறிய வழியில்லை. எஞ்சின் இருமும்வரை காத்திருந்தால் நித்தியம் அப்போதே நைமித்திகமாகிவிடுகிறது. காலம் வந்தது என்பதே திறப்பதற்குப் போதிய காரணமாக இருக்க வேண்டும்.

இன்றைய கார்களில் பிளாட்டினமும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. முப்பது வயது கடந்த வண்டிகளுக்கு ஜெர்மானிய அரசு தரும் ‘ஹெச்’ எழுத்துப் பலகையைத் தாங்கி ஓடும் பழைய கார்களின் சொந்தக்காரர் பலர், அந்த 0.4 மில்லிமீட்டரை இன்றும் தம் கையாலேயே அளந்து வைக்கிறார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அளக்கச் சொல்லவில்லை. மின்னணுக் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்த வேலையே இராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். விதியும் இல்லாமல், லாபமும் கருதாமல் செய்யும் இக்கர்மத்தைப் பிரபாகரர் எந்த வகையில் சேர்த்திருப்பார்?