திருவீதியில் யாருக்கு எவ்விடம்?

வைகாசி பிரம்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள் காலை, காஞ்சி ஸ்ரீவரதராஜன் பெரிய திருவடியாகிய கருடன்மீது எழுந்தருளி ஸேவை ஸாதிக்கிறான். முதல்நாள் இரவே சேவார்த்திகள் திருவீதிகளில் வந்து அமர்ந்துவிடுவர். அநுபவம் மிக்கோர் கோபுர வாசலையும், வாகனம் திரும்பும் வீதி முனையையும், சற்றுத் தங்கும் மண்டபத்தின் எதிர்ப்புறத்தையும் நாடுவர். மேல்துண்டை விரித்துத் திண்ணையைத் தமதாக்கிக் கொள்வாரும் உண்டு. நல்ல இடத்தைத் தேடுவது குற்றமன்று. ஆவலில்லாத பக்தி ஏது? ஆயினும், தேடிப் பெற்ற அவ்விடம் எவ்வளவு தூரம் ஒருவனுக்கு உரியது என்பது சிந்திக்கத்தக்கது.

எம்பெருமான் வீதிக்கு எழுந்தருள்வது எதன்பொருட்டு? ஸந்நிதியளவும் வரமாட்டாத முதியோரையும் பிணியாளரையும் தானே தேடிச் சென்று கடாக்ஷிப்பதற்கன்றோ? இக்குணத்தையே ஆசார்யர்கள் ஸௌலப்யம் என்றனர். அங்ஙனமாயின், பின்னே தவிக்கும் கிழவியை மறைத்து நிற்கும் வலியவன், அவன் புறப்பட்ட காரியத்திற்கே குறுக்கே நிற்பவனாகிறான்.

“இரவெல்லாம் கண்விழித்தவனும் விடிந்தபின் வந்தவளும் ஒன்றா?” எனின், வினா நியாயமானதே. காத்திருந்தவனைத் தள்ளி முன்னேற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பறிகொடுத்தல் வேறு, உவந்து கொடுத்தல் வேறு. உவந்து கொடுத்தவனுக்கு ஸேவை குறையுமேயன்றி, இரவெல்லாம் அவனை நினைந்திருந்த பலன் குறையாது.

புறப்பாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. வாகனத்தைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் மேலிருக்கும் திருமேனியைக் காண்பதில்லை. முன்னே செல்லும் திவ்யப்ரபந்த கோஷ்டியார் எம்பெருமான் பின்னே வர, தாம் முன்னோக்கியே நடக்கின்றனர். மிக அண்மையிலிருப்போர் காணாதிருக்க, ஊரார் காண்கின்றனர். இவர்களை இழந்தவர்கள் என்று எவரும் சொல்லார்.

சேய்மையிலிருப்போர் நிலை யாது? ஆண்டுதோறும் காஞ்சி கருட ஸேவைக்கு வரும் சோளிங்கபுரம் தொட்டாசார்யருக்கு ஓராண்டு வர இயலாது போயிற்று. தக்கான் குளக்கரையில் அவர் ஏங்கி நிற்க, வரதன் அங்கேயே கருடாரூடனாய்க் காட்சி தந்தான் என்பது ஐதிஹ்யம். அப்போது அவர் அருளியதே தேவராஜ பஞ்சகம். அதன் நினைவாக இன்றும் கோபுர வாசலில் ஒரு கணம் குடைகளால் எம்பெருமானை மறைத்துப் பின்னர் ஸேவை ஸாதிப்பிக்கின்றனர்.

இம்மரபின் உட்பொருள் என்ன? யாவரினும் சிறந்த இடத்தைப் பெற்றவர்க்கே அக்கணத்தில் எம்பெருமான் மறைகிறான். வர இயலாத ஒருவருக்காக, வந்தோர் அனைவரும் தம் ஸேவையில் ஒரு கணத்தை விட்டுக்கொடுத்து நிற்கின்றனர். ஒருவரும் குறைகூறுவதில்லை. திருக்குடை மறைத்தால் பொறுக்கும் நெஞ்சம், பின்னிருக்கும் குழந்தைக்காக ஓரடி விலகவும் இசைய வேண்டாவா?

அவ்வாறு விலகி நிற்பவன் எவ்விடத்து நிற்பினும், வரதனின் திருக்கண் நோக்குக்கு அவன் மறைவானவன் அல்லன். பெருந்தேவித் தாயாருடன் பேரருளாளன் அனைவர்க்கும் அத்தகைய நெஞ்சத்தை அருள்வானாக.