சொந்த ஊரில் முசாபிர்

கடல் கடந்து பொருளீட்டச் செல்வது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. பர்மா, மலாயா, இலங்கை என நம் பாட்டனார் போயினர். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளின் கதவுகள் அகலத் திறக்கவே, பேரன்மார் அங்கே விரைந்தனர். சபராளி என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களில் ஒரு தனி வகுப்பாரின் பெயர்போலவே ஆகிவிட்டது. ஆயினும் பாட்டனாரின் விடுப்புக்கும் பேரனின் விடுப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பினாங்கில் கப்பலேறியவர் நாகப்பட்டினம் வந்து சேரப் பல நாட்களைக் கடல்மீதே கழித்தார். கரையில் கால் வைக்கும் முன்னரே கடைக்கணக்கு அவர் நெஞ்சைவிட்டு இறங்கியிருக்கும். துபாயில் விமானமேறுபவரோ ஏறக்குறைய 4 மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுகிறார். அவசரமும் அவருடனேயே இறங்குகிறது.

ஓராண்டு உழைத்தவர்க்கு ஊதியத்துடன் 30 நாள் விடுப்பு என்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம். ஈராண்டுக்கு ஒருமுறை சேர்த்து எடுத்து வருவோரும் பலர். அந்நாட்கள் கரையும் விதம் நம் வீடுகளில் எவருக்கும் தெரியாததன்று. முதல் வாரம் பெட்டியைப் பிரித்துப் பங்கிடுவதிலும், உறவினர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாய்ச் சென்று வருவதிலும் போகும். பிறகு தங்கையின் திருமணப் பேச்சு, பாதியில் நிற்கும் வீட்டுக் கட்டடம், பத்திரப்பதிவு, தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல். பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிக் கைகொடுப்பவர் முதலில் கேட்பது, "எப்போது வந்தீர்கள்?" என்று, கொடுத்த கையை விடுவதற்குள் அடுத்துக் கேட்பது, "எத்தனை நாள் லீவு?" என்று. இவ்வளவுக்கும் இடையில் அவர் சற்றே சாய்ந்தமர்ந்தால், வீணாகிறதே என்ற தவிப்பு அவரையே எழுப்பிவிடுகிறது. ஓய்வெடுக்க வந்தவர் ஓய்வையும் ஒரு வேலையாக்கி, அதையும் விரைந்து முடிக்கப் பார்க்கிறார்.

"காலத்தை மறந்து இருங்கள்" என்று அவருக்கு அறிவுரை கூறுவது எளிது. அது அவருக்கும் பொருந்தாது. நம் மார்க்கத்திற்கும் பொருந்தாது. காலத்தின்மீது சத்தியமிட்டுத் தொடங்கும் மூன்றே வசனங்கொண்ட ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் 103-ஆவதாக இருக்கிறது. நாளுக்கு ஐந்து முறை நேரத்தை நினைவூட்டும் வாழ்வு நம்முடையது. அவ்வாறாயின், காலத்திற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் காலத்தைப் பற்றிய கவலையின்றி இருப்பது எங்ஙனம்?

தொழுகையின் வக்தும் கடிகாரத்தின் நிமிடமும் ஒரே தன்மையன அல்ல என்பதை இங்கே கருத வேண்டும். நிமிடம் ஒரு புள்ளி, வந்ததும் தவறிவிடுவது. வக்து என்பதோ அகலமுடையது. அஸருடைய வக்து நிழல் குறித்த அளவுக்கு நீண்டதும் நுழைந்து, கதிரவன் மறையும்வரை நிற்கிறது. அதற்குள் ஒரு மனிதன் வந்து சேர இடமிருக்கிறது. ஊர் முழுதும் ஒரே முள்ளைப் பார்த்து ஓடும் வழக்கமே அண்மைக்காலத்தது. இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் வகுக்கப்பட்டது 1906-இல்தான். துருக்கியில் கதிரவன் மறையும் வேளையைப் பன்னிரண்டு என்று வைத்து மணி எண்ணும் முறை 1926 வரை இருந்தது. கூலிக் கணக்கிற்கு நிமிடம் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. பெற்ற தாயின் அருகே அமர்ந்திருப்பதற்கும் அதையே அளவுகோலாக்குவதுதான் துன்பம்.

பயணியின் தொழுகை பற்றிய சட்டம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. முசாபிருக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு. வேற்றூரில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்க எண்ணினால் ஷாபிஈ மத்ஹபிலும், 15 நாட்கள் தங்க எண்ணினால் ஹனபி மத்ஹபிலும் அச்சலுகை நீங்கிவிடும். ஆனால் சொந்த ஊருக்குள் நுழைந்தவர்க்கு இந்த எண்ணிக்கையே இல்லை. மறுநாள் விடியலில் திரும்புபவராயினும், ஊரில் இருக்கும் மட்டும் அவர் முழுமையாகவே தொழுதாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தங்கும் எண்ணத்துடன் இருப்பதால் துபாயிலும் அவர் முழுமையாகத்தான் தொழுகிறார். சட்டத்தின் பார்வையில் அவர் முசாபிராக இருப்பது வழியில் கழியும் அந்தச் சில மணி நேரம் மட்டுமே! அவரோ இரண்டு இடங்களிலும் முசாபிராகவே வாழ்கிறார்: அங்கே ஊரை எண்ணியும், இங்கே திரும்புவதை எண்ணியும்.

"தொழுகையை நீட்டலாம், விமானச் சீட்டின் தேதியை நீட்ட முடியுமா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. முப்பது என்பது முப்பதுதான். ஆயின் அமைதி நேரத்தின் நீளத்தைச் சார்ந்ததா என்பதே நம் வினா. ருகூவிலும் சுஜூதிலும் உறுப்புகள் அசைவற்று அடங்குவதைத் தும்அனீனத் என்பர். அது ஷாபிஈ மத்ஹபில் தொழுகையின் பர்ளுகளுள் சேர்ந்தது. அவசரமாகத் தொழுதுவிட்டு வந்த ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை திருப்பியனுப்பி, பின்னர் நிதானமாகத் தொழக் கற்பித்த நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அந்த அடக்கத்திற்குச் சட்ட அறிஞர் விதித்த குறைந்த அளவு எவ்வளவு? ஒருமுறை "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லும் நேரம். அவ்வளவே! அசைவு நின்றதா என்று பார்த்தார்களேயன்றி, எத்தனை நாழிகை நின்றது என்று கேட்கவில்லை. ஒரு மாதம் முழுதும் வீட்டில் கிடந்தும் இது கிட்டாதவர் உண்டு. மகனுக்குச் சோறூட்டும் கால் மணி நேரத்தில் இதை அடைந்துவிடுபவரும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சபராளிகளுள் பலர் ஓய்வைத் தமக்குத் தகாத ஆடம்பரமாகக் கருதுகின்றனர். குடும்பத்திற்காக உழைப்பவனுக்கு உட்கார நேரமேது என்பது அவர்கள் வாதம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாய் இருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் மனைவிக்கும் உரிய உரிமையை எடுத்துச் சொல்லித் தடுத்தவர் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள். அவர் சொன்னதே சரி என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். வணக்கத்தையே காரணங்காட்டி இல்லாளை மறக்க இசையாத மார்க்கம், வருமானத்தைக் காரணங்காட்ட இசையுமா? கொத்தனாருக்குப் பின்னால் நிற்கும் பிற்பகல்களில் சில, வீட்டாருக்குச் சேர வேண்டியவை.

இதில் வீட்டாருக்கும் பங்குண்டு. வந்தவரின் நாட்களை அவர் ஒருவரே எண்ணுவதில்லை. நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் மனைவியும் எண்ணுகிறார், வாய்விட்டுச் சொல்வதில்லை. விருந்தழைப்புகளைப் பாதியாய்க் குறைத்தால் எந்த உறவும் அறுந்துவிடாது. பிரித்த பெட்டியைக் கூடத்து மூலையில் நிறுத்தி வைக்காமல் அன்றே பரணில் ஏற்றிவிடலாம். திரும்பும் பயணத்திற்கான ஊறுகாயும் மசாலாப் பொடியும் இருபதாம் நாளே கட்டத் தொடங்க வேண்டியதில்லை, கடைசி இரண்டு நாட்கள் அதற்குப் போதும். ஸலாம் சொல்லிக் கைகொடுக்கும் நாமும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடலாம்.