ஒரு தோள் சின்னமும் சில திருத்தங்களும்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தபோது, ஒரு குறியீடு எப்படித் தானே பேசிவிடுகிறது என்பதற்கு உதாரணமாக நான் ஒரு ராணுவச் சின்னத்தைச் சொன்னேன். அமெரிக்க முதலாவது குதிரைப்படை டிவிஷனின் தோள் சின்னம் அது. மஞ்சள் கேடயம், குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, மேல் மூலையில் ஒரு கறுப்புக் குதிரைத் தலை. அந்தக் குதிரையில் அவர்கள் ஏறியதே இல்லை, அந்தக் கோட்டைத் தாண்டியதே இல்லை, காரணத்தை மஞ்சள் சொல்லும் என்று சிப்பாய்களிடையே ஒரு கேலி உண்டு. கொரிய யுத்தத்தில் கொடியைப் பறிகொடுத்து ஓடியதற்குத் தண்டனையாக வந்த சின்னம் அது, அதன் பிறகு அவர்கள் கொரியாவில் கால் வைக்க அனுமதியில்லை என்று ஒரு கதையும் உண்டு. இரண்டையும் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். நானும்தான்.

பிறகு சரிபார்த்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

சின்னம் அங்கீகரிக்கப்பட்டது 1921ல். கொரிய யுத்தத்துக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்பு. டெக்ஸாஸில் ஃபோர்ட் பிளிஸ் முகாமிலிருந்த கர்னல் டார்ஸியின் மனைவி வடிவமைத்தது என்பது டிவிஷனின் மரபு. மஞ்சள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்கக் குதிரைப்படையின் நிறம். குதிரைகளை 1943ல்தான் ஒப்படைத்தார்கள். அதுவரை ஏறித்தான் இருந்தார்கள். கொரியாவைப் பிரித்த 38வது இணைகோட்டை 1950 அக்டோபரில் தாண்டி பியாங்யாங்குக்குள் நுழைந்தார்கள். 1957லிருந்து 1965 வரை டிவிஷன் மறுபடியும் கொரியாவில்தான் இருந்தது.

இத்தனை சுலபமாகப் பொய்த்துப் போகிற ஒன்றை நான் ஏன் நம்பினேன்? அது அழகாகப் பொருந்தியது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. குதிரை, கோடு, நிறம் என்று மூன்றுக்கும் ஒரே வீச்சில் அர்த்தம் கிடைத்துவிட்டது. மஞ்சளைக் கோழைத்தனமாகப் படிக்க ஆங்கிலம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. என் அம்மாவுக்கு மஞ்சள் மங்கலம். என்னோடு வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு மஞ்சள் கடுதாசி என்றால் திவால். நிறம் எதையும் சொல்வதில்லை. நாம் சொல்ல வைக்கிறோம்.

உத்தியோகபூர்வ விளக்கமும் இதில் யோக்கியமானதல்ல. கறுப்பு இரும்பைக் குறிக்கிறதாம். குதிரையிலிருந்து டாங்கிக்கு மாறியதை உணர்த்துகிறதாம். ஆனால் ஆரம்பத்தில் பட்டையும் குதிரைத் தலையும் உட்பிரிவுக்கு உட்பிரிவு வேறு வேறு நிறத்தில் இருந்தன. 1934ல்தான் டிவிஷன் முழுவதற்கும் ஒரே சின்னம் என்று ஆயிற்று. அப்போதும் அவர்கள் குதிரைமேல்தான் இருந்தார்கள். கேலி செய்தவனும் புகழ்ந்தவனும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். விமர்சகர்களாகிய நாமும் இதைத் தினசரி செய்கிறோம்.

திருத்தத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். 'யாரோ ஒரு அமெரிக்கப் பட்டாளத்தின் துணித்துண்டு. அதில் எது சரியாக இருந்தால் என்ன?' என்றார். நியாயமான கேள்விதான்.

கேலி எங்கே போய் விழுகிறது என்று பார்க்கவேண்டும். 1950 நவம்பர் முதல் தேதி இரவு உன்சானில் சீனப் படை இந்த டிவிஷனின் 8வது ரெஜிமெண்டைச் சூழ்ந்து சிதறடித்தது. தோல்வி நிஜம். ஆனால் உன்சான் இருப்பது அந்தக் கோட்டுக்கு வெகு வடக்கே. தாண்டியிருக்காவிட்டால் அங்கே சாக முடியாது. அந்த ரெஜிமெண்டின் பாதிரியார் எமில் கபான், தப்பிக்க வழி இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். பிடிபட்டு, 1951 மே மாதம் கைதிகள் முகாமில் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருது அவருக்கு 2013ல் வழங்கப்பட்டது. நாங்கள் மஞ்சளைச் சொல்லிச் சிரித்தபோது அந்த மனிதரையும் சேர்த்துத்தான் சிரித்திருக்கிறோம்.

இங்கேயே முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவதூறு நீங்கிவிட்டது, சின்னம் சுத்தமாகிவிட்டது. ஆனால் இதே டிவிஷனின் 7வது ரெஜிமெண்ட் 1950 ஜூலைக் கடைசியில் நோகுன்ரி என்ற இடத்தில், ரயில் பாலத்துக்கு அடியில் ஒதுங்கிய கொரிய அகதிகளைச் சுட்டது. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். தன் இரண்டு குழந்தைகளை அங்கே பறிகொடுத்த சுங் உன்யோங் பல வருஷம் மனுப் போட்டுவிட்டு, கடைசியில் 1994ல் அதை நாவலாக எழுதினார். 1999ல் அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட பிறகுதான் உலகம் கேட்டது. 2001ல் அமெரிக்க ராணுவம் சாவுகளை ஒப்புக்கொண்டது. திட்டமிட்டுச் செய்ததல்ல என்றது. 2005ல் கொரிய அரசு இறந்தோர், காணாமற்போனோர் என்று 163 பெயர்களை உறுதி செய்தது.

பயந்தார்கள் என்ற பொய் பல வாய் மாறி என் வாய்வரைக்கும் வந்து சேர்ந்தது. கொன்றார்கள் என்ற உண்மை அதே காலத்தில் ஒரு மனுவாக, யாரும் படிக்காமல் கிடந்தது. குதிரையைக் கேலி செய்தவன் அந்தப் படையிடம் இன்னும் தைரியத்தைத்தான் எதிர்பார்த்தான். பாலத்தடியில் இருந்தவர்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் வேலை பார்க்கும் இடத்தில் தப்பாகப் போட்ட பதிவை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு போடவேண்டும், இரண்டும் கணக்கில் நிற்கும், யார் போட்டார்கள் என்பதோடு. எதிர்ப்பதிவு கணக்கைப் பழைய நிலைக்குத்தான் கொண்டுவரும். சரியான தொகையைச் சரியான பெயரில் வரவு வைப்பது அதற்குப் பிறகு செய்யவேண்டிய தனி வேலை. புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாக்கள் முதல் வேலையை முடித்துவிட்டு எழுந்துபோய்விடுவார்கள்.

அடுத்த முறை கூடும்போது நண்பர்களிடம் இரண்டையும் சொல்லவேண்டும். முதலாவதை அவர்கள் ரசிப்பார்கள்.