மதில் இடிந்த பட்டணம்



நம் செஞ்சிக் கோட்டையை அண்ணாந்து பாருங்கள். மொகலாய சேனாபதி சுல்பிகார்கான் 1690-ல் முற்றுகை போட்டான். 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. அவ்வளவு பெரிய சேனையை வருஷக்கணக்காய்த் தடுத்த மதில் அது. இன்றைக்கோ சத்துரு ஒரு செல்போன் வழியாய் ஒரே ராத்திரியில் வீட்டுக்குள் வந்துவிடுகிறான்!

மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஒரு வாலிபன், உபவாச ஜெபம் முடிந்ததும் அழுதுகொண்டே வந்தான். "பாஸ்டர், ஐபிஎல் மேட்சுக்கு டீம் போட்டேன். 49 ரூபாதானேன்னு ஆரம்பிச்சேன். வீட்டுக்காரி குழுவுல வாங்கின முப்பதாயிரமும் போச்சு" என்றான்.

இந்த விளையாட்டு என்ன? நிஜமாய் ஆடுகிறவர்களில் பதினொரு பேரை நாம் தெரிந்தெடுக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் நமக்கு மார்க்கு. நாம் வைத்த கேப்டனுக்கு இரட்டிப்பு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துக்கு இதே விதமாய் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் காசு கட்டாமலே டீம் போடுகிறார்கள். நம் தேசத்திலோ கிரிக்கெட்டுக்குக் காசு கட்டி ஆடினார்கள். "இது சூது இல்லை, அறிவு" என்றார்கள். ஆனால் எல்லாரும் கட்டின பணத்தில் கம்பெனி முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மீதிதான் பரிசு. ட்ரீம்11 கம்பெனி 2020-ல் ஐபிஎல் போட்டிக்குத் தன் பேரைச் சூட்ட 222 கோடியும், 2023-ல் இந்திய அணியின் சட்டையில் பேர் போட 358 கோடியும் ஒப்பந்தம் பேசியது. அது எங்கிருந்து வந்தது? ஏழையின் 49 ரூபாயிலிருந்து அல்லவா!

2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் போட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. வருஷத்துக்கு 45 கோடி பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. அந்தக் கம்பெனியும் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டது.

அப்படியானால் தீர்ந்ததா? அந்தத் தம்பி சொன்னதைக் கேளுங்கள்: "மூடின மறுநாளே வெளிநாட்டு ஆப் ஒண்ணைத் தேடினேன் பாஸ்டர்." பார்த்தீர்களா? சட்டம் ஆப்பை மூடிற்று. ஆசையை யார் மூடுவது? தன் மனதை அடக்காதவன் மதில் இடிந்த பட்டணம் போலிருக்கிறான் என்பதே நீதிமொழிகள் 25:28 காட்டும் சத்தியம். ஒரு வாசலை அடைத்தால் என்ன? மதிலே இல்லாத ஊரில் திருடனுக்கு எல்லாப் பக்கமும் வழிதான்.

இடிந்த மதிலைக் கட்டுகிறவர் இயேசு ஒருவரே! ஆனால் கல்லும் மண்ணும் நாம் கொண்டுவர வேண்டும். வாலிபனே, இன்றைக்கே உன் மனைவியிடம் உண்மையைச் சொல். கூலியை அவள் கையில் கொடு. ரகசியமாய் வைத்திருக்கும் ஆப்பை அழித்துப்போடு. கடனுக்குப் பயந்து உயிரை விட நினைக்காதே. ஓடி வா, சபை உன்னைத் தள்ளாது. பெற்றோரே, பிள்ளையைத் திட்டுமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தத் தம்பியின் கடன் இன்னும் தீரவில்லை. ஆனாலும் வாராவாரம் குழுவுக்குக் கட்டுகிறான், ராத்திரியில் தூங்குகிறான். அவன் வீட்டு மதில் எழும்புகிறது. உன் வீட்டிலும் எழும்பும். அல்லேலூயா! ஆமென்.