உருவத்தை நொந்து வாடுபவருக்கு வைத்தியம் தேடலாமா?

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து வாங்கி வருகிறோம். கை முறிந்தால் கட்டுப்போட அழைத்துச் செல்கிறோம். “அல்லாஹ் கொடுத்தது, அப்படியே இருக்கட்டும்” என்று எவரும் வாளாவிருப்பதில்லை. ஆனால் அதே பிள்ளை, “என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, நாலு பேர் மத்தியில் வர வெட்கமாக இருக்கிறது” என்று அழுதால் நாம் சொல்லும் பதில் வேறு. “அல்லாஹ் படைத்த உருவத்தையா குறை சொல்கிறாய்? நன்றிகெட்ட பேச்சு பேசாதே!” என்று வாயை அடைத்துவிடுகிறோம். பேச்சு நின்றுவிடுகிறது, நோய் நிற்பதில்லை.

தன் உருவத்தை எண்ணி வாடுவது ஷுக்ருக்கு மாறானதா? அதற்காக மனநல வைத்தியரைத் தேடிச் செல்வது ஈமானின் பலவீனமா? இந்தக் கேள்விகளைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஜாஹிர் (ரலி) என்னும் கிராமத்துத் தோழர் ஒருவர் இருந்தார். தோற்றத்தில் அழகற்றவர் என்று அறிவிப்புகளில் வருகிறது. கடைத்தெருவில் தம் பொருளை விற்றுக்கொண்டிருந்த அவரை, நாயகம் (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு, இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று வேடிக்கையாகக் கூவினார்கள். தம்மை விற்றால் விலை போகாது என்று ஜாஹிர் (ரலி) சொன்னார். அல்லாஹ்விடம் அவர் விலைமதிப்புள்ளவர் என்று பெருமானார் (ஸல்) பதிலளித்தார்கள். இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களின் ஷமாயிலில் காணப்படும் நிகழ்ச்சி இது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தம்மை மலிவாக மதித்த அந்தத் தோழரை நன்றிகெட்டவர் என்று பெருமானார் (ஸல்) கடிந்தார்களா? இல்லை. முதலில் அணைத்தார்கள், பிறகு அவருடைய மதிப்பை எடுத்துச் சொன்னார்கள். நாமோ அணைப்பை விட்டுவிட்டோம். கண்டிப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நன்றிகேடு என்பது மனிதன் தெரிந்தே செய்யும் காரியம். நோய் அவன் தேர்ந்துகொண்டது அன்று. இந்த வேறுபாட்டை மறந்து பேசும்போது, நோயாளியின் தலையில் பாவத்தையும் சேர்த்துச் சுமத்துகிறோம். ஏற்கனவே மனிதர்கள் தன்னை வெறுப்பதாக எண்ணுபவர், இனி அல்லாஹ்வும் தன்னை வெறுக்கிறான் என்று எண்ணத் தொடங்குவார். இதைவிடப் பெரிய துன்பம் என்ன இருக்கிறது?

அந்தப் பிள்ளை உண்மையில் குறை சொல்வது படைத்தவனைத்தானா? பெரும்பாலும் படைப்பை அளக்க நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோல்தான் அதைக் குத்தியிருக்கிறது. காஜிமார் தெருவாயினும் மேலூராயினும் சோழவந்தானாயினும், பெண் பார்க்கப் போகிறவர்கள் திரும்பி வந்து முதலில் பேசுவது நிறத்தையும் பருமனையும்தான். வீட்டிலேயே “குட்டை”, “கருப்பி”, “சொட்டை” என்று செல்லமாகப் பெயர் வைத்து அழைக்கிறோம். இந்தியச் சந்தைக்கு 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, 2020-ல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. நம் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை. நிறம் மாற வேண்டுமென்று கண்ட களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி 2023-ல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலிருந்து வந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குள்ளத்தைச் சுட்டி ஒரு வார்த்தை சொன்னபோது, அந்த ஒரு சொல்லைக் கடலில் கலந்தால் கடலே கெட்டுவிடும் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைச் சூரத்துல் ஹுஜுராத் தடை செய்கிறது. கடலைக் கெடுக்கும் சொல் ஒரு சிறு பிள்ளையின் உள்ளத்தை என்ன செய்யும்?

இனி, எது சாதாரணக் கவலை, எது நோய் என்று பிரித்தறிய வேண்டும். பருவத்தில் வரும் முகப்பரு பற்றிய வருத்தம் யாருக்கும் உண்டு. அதற்கெல்லாம் வைத்தியர் வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய ஒரு குறையை நாளெல்லாம் எண்ணுகிறார். மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்கிறார், அல்லது கண்ணாடியையே மூடி வைக்கிறார். கல்யாண வீட்டுக்கும் கல்லூரிக்கும் ஜுமுஆவுக்கும் போகாமல் ஒதுங்குகிறார் என்றால், அது கவலையின் எல்லையைத் தாண்டிவிட்டது. இந்த நோயை 1891-லேயே என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் தனியே இனங்கண்டு பெயரிட்டார். இது பெண்களுக்கு மட்டும் வருவதன்று. உடல் மெலிவாக இருக்கிறதென்று ஜிம்மே கதியாகக் கிடந்து, தெரியாத ஊசிகளைப் போட்டுக்கொள்ளும் வாலிபர்களும் இதில் அடக்கம்.

நோய்கள் பலவற்றையும் வகைப்படுத்தி அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு, இதனை ஓயாத எண்ணச்சுழற்சி நோய்களோடு சேர்த்து வைத்துள்ளது. கிதாபு ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒளுவில் வஸ்வாஸ் உள்ளவரை நாம் அறிவோம். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுவார். “ஒளு கூடிவிட்டது” என்று நூறு முறை சொன்னாலும் நூற்றோராவது முறை கேட்பார். அவருக்கு ஃபுகஹாக்கள் கூறிய வழி என்ன? இன்னும் நன்றாகக் கழுவு என்பதா? அன்று. அந்தச் சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் தொழுகைக்குப் போ என்பதுதான். உருவத்தைப் பற்றிய நோய்க்கும் வழி ஏறத்தாழ அதுவே. “நீ அழகாகத்தான் இருக்கிறாய்” என்று ஓயாமல் சொல்வதால் அது தீராது. மறுபடியும் கேட்கத்தான் வைக்கும். கண்ணாடியைச் சோதிக்கும் பழக்கத்தை எப்படி விடுவது, அஞ்சி ஒதுங்கிய சபைக்கு எப்படிப் படிப்படியாகத் திரும்புவது என்று பயிற்சி பெற்ற ஒருவர் வாராவாரம் உடனிருந்து பழக்குவார். சி.பி.டி. என்று இதைச் சொல்கிறார்கள். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தக் கூடாது.

“குர்ஆன் ஓதினால் போதாதா? துஆ இல்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓதுவதும் துஆவும் முஃமினின் உயிர்மூச்சு. ஆனால் வைத்தியம் செய்துகொள்ளும்படி கட்டளையிட்டதும், மருந்தில்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்று அறிவித்ததும் அதே நபி (ஸல்) அவர்களே. 934-ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்), உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலையே எழுதினார். துயரும் அச்சமும் ஓயாத எண்ணமும் ஒருவரை மேற்கொண்டுவிட்டால், தம் சொந்தச் சிந்தனையோடு வெளியிலிருந்து மற்றொருவரின் அறிவுரையும் வேண்டும் என்பது அவருடைய கருத்து. 1284-ல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. நம் முன்னோர் வெட்கப்படாத ஒன்றுக்கு நாம் ஏன் வெட்கப்படுகிறோம்?

வெட்கத்தின் வேர் அச்சம். மனவைத்தியம் என்றதும் பைத்தியம் என்ற சொல்லும் சங்கிலியும் நம் நினைவுக்கு வருகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் குணம் வேண்டித்தான் வந்தார்கள். நாட்டமிருந்தது, வைத்தியம் இல்லை. அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்துள்ளது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பதையும் அவருடைய உரிமையாக்கியுள்ளது. சபையில் பேசப்பட்டது அமானத் என்ற ஹதீஸை அறிந்த நமக்கு இந்த உரிமையின் அருமை விளங்கும்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர். மாத்திரை எழுதுபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பலகை மாட்டியவரெல்லாம் வைத்தியரல்லர். படிப்பு என்ன, பதிவு எண் என்ன, இப்படிப்பட்ட நோய்க்கு முன்பு சிகிச்சை செய்ததுண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோரிப்பாளையம் தர்காவுக்கு வந்து ஃபாத்திஹா ஓதுபவர்கள் அங்கிருந்து நடந்தே அதற்குப் போய்விடலாம். நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவசச் சேவை இது, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒருவர் வாயில் வந்துவிட்டாலோ, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; அவரைத் தனியே விடவும் கூடாது.

வைத்தியர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமா? ஹிஜ்ரத்தின்போது பெருமானார் (ஸல்) வழிகாட்டியாக அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் அன்று முஸ்லிமல்லர். பாதை அறிந்தவர், நம்பத் தக்கவர். உயிரையே ஒப்படைத்த பயணத்தில் பார்க்கப்பட்டவை அந்த இரண்டுமே. பெண்களுக்குப் பெண் வைத்தியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மஹ்ரமான ஒருவர் உடன் சென்று, தனிமையைத் தவிர்க்கும் விதத்தில் அமர்ந்திருக்கலாம். நம் தொழுகையும் உடையும் நமக்கு எத்தகையவை என்று முதல் நாளே வைத்தியரிடம் சொல்லிவிடுவதும் நலம்.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் இளைக்க வேண்டுமென்ற வெறியில் உண்ண மறுக்கும் பெண்பிள்ளைகள் சிலருக்கு நஃபில் நோன்பு ஒரு மறைவிடமாகிவிடுகிறது. வீட்டார் பக்தி என்று மெச்சுகிறார்கள்; பிள்ளை உருகிக்கொண்டிருக்கிறது. ஸஹருக்கு எழவில்லை, இஃப்தாரிலும் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிடுகிறது என்றால் தாய் கவனிக்க வேண்டும். நோன்பு ஆகாது என்று மருத்துவர் சொன்னால், ரமலானிலும் நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகை அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அதை ஏற்பதும் இபாதத்தே.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மீஸானில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று பெருமானார் (ஸல்) அறிவித்தார்கள். சிரித்தவர்களும் திருந்தினார்கள், சிரிக்கப்பட்டவரும் உயர்ந்தார். நம் வீடுகளிலும் இவ்விரண்டும் நடக்க வேண்டும். நாவைக் காப்பது வீட்டாரின் கடமை; காயம் ஆழமாகிவிட்டால் வைத்தியரிடம் கைபிடித்து அழைத்துச் செல்வதும் அவர்களின் கடமையே. அப்படி அழைத்துச் செல்லும் அத்தாவும் அம்மாவும் தவக்குலை இழந்தவர்கள் அல்லர். தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தைக் காப்பவர்கள்.

நம் நாவுகளால் புண்பட்ட உள்ளங்களுக்கு வல்ல நாயன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! உருவத்தை அழகாக்கிய அவன் நம் குணங்களையும் அழகாக்குவானாக! ஆமீன்.