விறகு சுமந்த தோழர்கள்

இன்றைக்குக் குசேலர் சரித்திரம். கிழிந்த துணியில் முடிந்த அவலும், கண்ணன் ஒரு பிடி எடுத்து உண்டதும், அடுத்த பிடிக்கு ருக்மிணி கையைப் பிடித்ததும் உங்களுக்குத் தெரிந்தவைதான். தனு மாதத்து முதல் புதன்கிழமை குருவாயூருக்குப் போனவர்கள், அவல் பொட்டலத்தோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அவலை இன்று சீக்கிரம் கடந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் வருகிற விறகுக் கட்டில்தான் நாம் கொஞ்சம் தங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். சமீபத்தில் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். பெரிய கம்பெனி வேலையை ராஜினாமா செய்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். ஊரோடு போய், இருக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எண்ணம். பணத்தைப் பற்றிக் கவலை இல்லை. பி.எஃப். இருக்கிறது, ஐந்து வருட சர்வீஸ் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் வரும். "வேலையை விடுவது கஷ்டமாக இல்லை ஐயா. முதல் வருஷம் என்கூட ட்ரெய்னியாகச் சேர்ந்தவர்களை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. இதுவும் பற்றுதானே? இதையும் விட்டால்தானே மனசு சுத்தமாகும்?" என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்னது குறைவு. இன்று பாகவதமே சொல்லட்டும்.

பத்தாவது ஸ்கந்தத்தில் 80, 81 ஆகிய இரண்டு அத்தியாயங்கள். குசேலர் வந்து நிற்கிறார். கண்ணன் ஓடி வந்து தழுவி, கால் கழுவி, தன் கட்டிலில் உட்கார வைக்கிறான். உட்கார வைத்ததும் எதைப் பேசுகிறான்? கம்ச வதத்தைப் பற்றியோ துவாரகையைக் கட்டியதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "நாம் குரு சாந்தீபனியிடம் இருந்தோமே, குருபத்தினி விறகு கொண்டுவரச் சொன்னாரே, அந்த ராத்திரி நினைவிருக்கிறதா?" என்று கேட்கிறான். பருவம் தப்பிய மழை, இடி, காற்று. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. எங்கே பார்த்தாலும் தண்ணீர், மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சுமையோடு காட்டில் அலைகிறார்கள். விடிந்த பிறகு குரு தேடிக்கொண்டு வந்து, பிள்ளைகள் தவிப்பதைக் கண்டு உருகி, ஆசீர்வாதம் செய்கிறார்.

பாருங்கள், எல்லாம் அறிந்த பரம்பொருள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது. அந்த ராத்திரியில் கண்ணன் ராஜா இல்லை, குசேலர் ஏழை இல்லை. இரண்டு மாணவர்கள், இரண்டு பேர் தலையிலும் ஈர விறகு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிடைக்க என்ன இருந்தது? பிடித்துக்கொள்ள ஒரு கை. வேலையில் சேர்ந்த புதிதில் கிடைக்கும் நட்பு இந்த ஜாதியைச் சேர்ந்தது. பதவி வருவதற்கு முன்னால் வந்தது அது.

நானும் இந்த மேடைக்கு வருமுன் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தவன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் நாலு பேர். வருஷக் கணக்கு முடிக்கும் நாட்களில் என் லெட்ஜர் டேலி ஆகாது. தன் வேலையை முடித்துவிட்ட நண்பன் அறைக்குப் போகாமல் பக்கத்தில் உட்காருவான். அவன் தொகையை வாசிப்பான், நான் டிக் அடிப்பேன், வித்தியாசம் அகப்படும் வரைக்கும். பிற்பாடு நான் வேலையை விட்டபோது எல்லோரும் "ஏன்?" என்று கேட்டார்கள். அவன் மட்டும், "சாப்பாட்டுக்கு என்னடா பண்ணப் போறே?" என்றான். அந்தக் கேள்வியில் இருந்த அக்கறைக்கு எந்தக் கணக்கில் ஈடு செய்ய முடியும்?

இப்போது அந்த இளைஞரின் சந்தேகத்துக்கு வருவோம். விடுவது என்றால் எதை விடுவது? சுவாமி சிவானந்தரைப் பாருங்கள். 1887இல் பத்தமடையில் பிறந்தவர். 1913இல் மலேயா போய், மருத்துவராக நல்ல சம்பளத்தில் பத்து வருஷம். 1923இல் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார். மறுவருஷம் ரிஷிகேசத்தில் சந்நியாசம். ஆனால் 1927இல் அவருடைய பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி முதிர்ந்து பணம் வந்தபோது என்ன செய்தார்? லட்சுமண் ஜூலாவில் தர்ம வைத்தியசாலை திறந்தார். சம்பளத்தை விட்டார், அந்தஸ்தை விட்டார். நோயாளியின் நாடி பிடித்த அந்தக் கையை விடவில்லை. வைராக்கியம் என்று நான் இதைத்தான் வணங்குகிறேன். இதயத்தைக் கல்லாக்கிக்கொள்வதை எந்த மகானும் நமக்குக் காட்டித் தரவில்லை.

இன்னொரு தயக்கமும் அந்த இளைஞருக்கு உண்டு. கூடச் சேர்ந்தவர்களில் சிலர் இன்று மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறார்கள். வேலையை விட்டவன் போய் என்ன பேசுவது? கீதையின் 11ஆவது அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கும் இதே தவிப்பு. விசுவரூபத்தைக் கண்டு நடுங்கி, "விளையாட்டிலும் சாப்பாட்டிலும் உன்னைத் தோழன் என்று சரிசமமாகப் பேசிவிட்டேனே" என்று மன்னிப்புக் கேட்கிறான். கண்ணன் சினந்தானா? இல்லை. அர்ஜுனன் பயப்படுகிறான் என்று தெரிந்ததும், அந்தப் பெரிய வடிவத்தைச் சுருக்கிக்கொண்டு, பழைய மனித உருவத்தோடு பக்கத்தில் நின்றான். உங்கள் நண்பருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள். போன் செய்யுங்கள். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அலுவலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட இப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

பிரகலாதன் சொன்ன ஒன்பது வகை பக்தியில் தோழமை எட்டாவது. அடிமைத் தொண்டுக்கும் அடுத்த படியில் அதை வைத்திருக்கிறார்கள். மனிதர்களிடம் பழகிப் பார்க்காதவனுக்கு அந்தப் படி எப்படிக் கைவரும்? தோழமை எனக்குத் தெரியவே தெரியாது என்பவனிடம் இறைவன் தோழனாக வந்தால், அவனுக்கு அடையாளம் தெரியுமா?

குசேலருக்குத் தெரிந்தது. துவாரகையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணனும் நேரில் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை. வழி நெடுக அவர் அந்தத் தழுவலையே நினைத்துக்கொண்டு நடந்தார். ஊருக்கு வந்து பார்த்தால் குடிசை இருந்த இடத்தில் மாளிகை. அந்தச் செல்வத்தின் நடுவில் நின்றுகொண்டு அவர் ஒரு வரம் வேண்டுகிறார். செல்வம் நிலைக்க வேண்டும் என்றல்ல, அது வேண்டாம் என்றும் அல்ல. பிறவிதோறும் அவனுடைய நட்பே எனக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டுகிறார்.