ஆமணக்கு விதைத்த கோட்டை

சீடன்: ஐயா, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்த கையோடு அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்களே, உண்மைதானா?

ஆசிரியர்: நம் பக்கத்துப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது அது. விதைத்ததோடு விடவில்லை. கணக்கேடுகளிலிருந்து அந்த ஊர்ப் பெயரையே எடுத்துவிட்டார்கள். பாளையத்து நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உதவிய பாளையக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் நம் எட்டயபுரத்துக்கும் பங்கு உண்டு.

சீடன்: அப்படியானால் என் சந்தேகம் சரிதான். முழுப்போர் என்பது இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சரக்கு என்று வகுப்பில் சொன்னார்கள். ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் 1935இல் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் போட்டார். 1943 பிப்ரவரியில் நாஜி அமைச்சர் கோயபல்ஸ் பெர்லின் அரங்கில் நின்று ‘வேண்டுமா?’ என்று கேட்க, கூட்டம் ‘வேண்டும்’ என்று கத்தியது. ஆனால் ஓர் ஊரை இடித்து, உழுது, விதைத்து, பெயரையும் அடித்துவிடுவதற்கு வேறென்ன பெயர்? இங்கே அது 1801லேயே நடந்துவிட்டதே!

ஆசிரியர்: உழுததுதான் கணக்கு என்றால் 1801லும் நிற்க முடியாது. சங்க காலத்துக்கே போக வேண்டும். நெட்டிமையார் என்ற புலவர், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி பகைவர் ஊர்த் தெருவைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதைப் பாடுகிறார். புகழ்ந்துதான் பாடுகிறார். பகைவன் நாட்டை எரிப்பதற்கும் கொள்ளையடிப்பதற்கும் நம் புறத்திணை இலக்கணத்தில் தனித்தனித் துறையே உண்டு.

சீடன்: அறப்போர் என்று நாம் மேடையில் பேசுவதெல்லாம்?

ஆசிரியர்: அதையும் அதே நெட்டிமையார்தான் பாடினார், அதே அரசனை வைத்து. பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை இல்லாதவர்களும் காவலான இடம் போய்ச் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போர் தொடங்குகிறவன் என்கிறார். அது புறநானூற்றில் ஒன்பதாம் பாட்டு. கழுதை ஏர் வருவது பதினைந்தாம் பாட்டு. பள்ளிக்கூடத்தில் ஒன்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பதினைந்தை நைசாக விட்டுவிடுகிறோம். எனக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

சீடன்: ஒன்றோடொன்று இடிக்கிறதே.

ஆசிரியர்: இடிக்கட்டும். அந்த அரசன் கொடுமைக்காரனாகவே இருக்கலாம். அந்த அறிவிப்பைக் கேட்டு எத்தனை பேர் தப்பினார்கள் என்பதற்கும் கணக்கு இல்லை. ஆனால் போருக்கு வெளியே சிலர் உண்டு என்று அவன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ‘வெளியே’ இல்லாமல் போவதைத்தான் நான் முழுப்போர் என்பேன். பிணத்தை எண்ணி அளந்தால் பழைய காலத்துப் படையெடுப்புகள் பல, இந்தக் காலத்துப் போர்களைத் தோற்கடித்துவிடும்.

சீடன்: அப்போது பாஞ்சாலங்குறிச்சி எந்தப் பக்கம்?

ஆசிரியர்: பாதி வழியில் நிற்கிறது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரன் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஊராரிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் கம்பெனித் தளபதி பானர்மேன் அறிக்கை போட்டான். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து சில நாட்களில் மண்கோட்டையை எழுப்பினான். மார்ச்சில் மோதிய வெள்ளைக்காரப் படை தோற்றுத் திரும்பியது. மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. அடுத்து காளையார்கோயில் காடு. ஊமைத்துரைக்கு இடம் கொடுத்த சிவகங்கை மருது சகோதரர்களைப் பிடிக்க வாரக்கணக்கில் மரம் வெட்டி, காட்டுக்குள் பாதை போட்டார்கள். கடைசியில் தூக்குக்குத் தப்பியவர்களில் 73 பேரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். காடு, ஆயுதம், நிலம், பெயர் என்று வரிசையாகப் போருக்குள் இழுத்தாயிற்று. அப்படியும் ஒன்று வெளியே நின்றது.

சீடன்: என்ன அது?

ஆசிரியர்: அம்மை. அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறான். கோட்டை விழுந்த பிறகு ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிவருகிறாள். அவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ‘என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று’ என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவனைத் தூக்கிப்போய் வீட்டில் ஒளித்தார்கள். தேடிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். யார் ஆட்கள்? நம் எட்டயபுரத்து ஆட்கள். உடனே அவன்மேல் துணியைப் போர்த்தி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மையில் போய்விட்டான் என்றார்கள். வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்கவில்லை, ஓடிவிட்டார்கள்.

சீடன்: அது இரக்கம் இல்லையே ஐயா, வெறும் பயம்.

ஆசிரியர்: பயமாகவே இருக்கட்டும். அவர்களுக்குக் கம்பெனியின் கட்டளையைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. அந்த ஒப்பாரிக்கு முன்னால் போர் வாசலோடு நின்றுவிட்டது. எல்லை போடுவது அன்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

சீடன்: அப்படியானால் அந்த எல்லை எங்கே உடைந்தது?

ஆசிரியர்: உடைப்பதற்கான திட்டம் அதற்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது. 1793 ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடியரசு ஆணை போட்டது: இளைஞர்கள் போர்முனைக்கு, மணமானவர்கள் ஆயுதம் செய்ய, பெண்கள் கூடாரம் தைக்க, கிழவர்கள் பொதுவிடங்களில் உட்கார்ந்து வீரர்களுக்கு வெறியேற்ற. வீட்டில் சும்மா இருக்க ஒருவருக்கும் இடமில்லை. எதிரி இதைப் படித்தால் என்ன நினைப்பான்? கூடாரம் தைக்கிறவளும் படையாள்தான் என்பான். ஐரோப்பா அடுத்த 150 ஆண்டுகளில் செய்ததெல்லாம் இந்த வாதத்துக்கு விமானத்தையும் குண்டையும் தேடிக்கொடுத்ததுதான்.

சீடன்: நம் பக்கத்தில் அப்படி...

ஆசிரியர்: இலங்கை அகதிகளின் தாப்பாத்தி முகாம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே வயதானவர்களிடம் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேள். வடக்குக்கு எதெது போகக்கூடாது என்று இலங்கை அரசு பட்டியல் வைத்திருந்தது. பேட்டரி, எரிபொருள், உரம், சவர்க்காரம். பேட்டரியில் குண்டு வெடிக்கலாம், உரத்தில் வெடிமருந்து செய்யலாம் என்று காரணம். ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரிபோலவே இருக்கும். சனங்கள் ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பிள்ளை குளிக்கிற சவர்க்காரம்வரை போருக்குள் வந்துவிட்டது, பார்.

சீடன்: அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் மட்டும்தானா?

ஆசிரியர்: இல்லை. வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் 1793இன் ஆணைதான். 2009இல் வெளியேற முயன்ற சனங்களை அவர்கள் தடுத்தார்கள், சுட்டார்கள். அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஷெல் அடித்தது. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அது தப்பவில்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கையில் குடிமக்களைக் காக்கத் தனி ஏற்பாடே உண்டு. நெட்டிமையார் பாட்டைவிட விரிவான பட்டியல். கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்காலில் அதை இரண்டு பக்கமும் மதிக்கவில்லை.

சீடன்: ஒன்று இடறுகிறது ஐயா. போரினால் பலன் அடைகிறவனும், வரி கட்டுகிறவனும் பொறுப்பாளிதான் என்று நீங்களே சொல்வீர்கள். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தை வாங்கிக்கொண்ட எட்டயபுரம் போருக்கு வெளியே இருந்ததா?

ஆசிரியர்: இல்லை. ஆனால் பொறுப்பு வேறு, இலக்கு வேறு. வாங்கிய நிலத்துக்கு ஜமீன் பதில் சொல்லட்டும், கேட்க வேண்டியதுதான். அதற்காக இங்கே உழுதவனும் நெய்தவனும் அவர்கள் பேரனும் குற்றவாளி என்று கிளம்பினால், கூடாரம் தைத்தவளைச் சுடுகிற அதே வாதம் வந்துவிடும். முழுப்போர் எப்போதும் அந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசும்.

சீடன்: தூத்துக்குடிக் காலேஜில் ஒருவன் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பொருளில் ‘எட்டப்பா’ என்கிறான்.

ஆசிரியர்: இருநூறு வருஷம் கழித்தும் ஓர் ஊரையே போருக்குள் வைத்திருக்கிறான். கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள். அந்த ஊர்க்காரரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, கவனித்தாயா? கூப்பிடவும் கூடாது.

சீடன்: அவனுக்குப் புதுக்கோட்டைதான் ஐயா.

ஆசிரியர்: நீ அதைச் சொல்லிவிடவில்லையே?

சீடன்: நேற்றே சொல்லிவிட்டேன்.